நொச்சிக்கு எலியின் சாட்சியம் போதுமா?

வழக்கொன்றில் நல்ல சாட்சி ஒருவரைக் கூண்டிலேற்றி, அவர் வாக்குமூலம் கொடுத்து முடித்ததும், அடுத்த சாட்சியை அழைக்காமலே கோப்பை மூடிவிட்டு வீடு திரும்பும் வழக்கறிஞரை உலகம் என்ன சொல்லும்? நொச்சியின் வழக்கு இந்நாட்டில் அவ்வாறுதான் கிடக்கின்றது. 2003 ஆம் ஆண்டில் அதற்காக எலி சாட்சி சொல்லியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. அச்சாட்சியத்தின் பயன் மலைநாட்டில் நாம் கண்ட எந்தத் தோட்டத்து மருந்துச் சாலைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

இதனை எழுத நம்மைத் தூண்டியவர் ஒரு கொழுந்து பறிக்கும் தாய். அட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கூட்டம் முடிந்து லயத்து வாசலில் அமர்ந்திருந்தோம். ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மையார் வலது தோளை இடது கையால் அழுத்திக்கொண்டே நம்மிடம் கேட்டார்: “ஐயா, நொச்சித் தழைய வதக்கி ஒத்தடம் குடுத்தா ராத்திரி கொஞ்சம் கண்ணயர முடியுது. அது நெசமாவே நோவ போக்குதா, இல்ல என் மனசுதான் அப்படி நெனைக்குதா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.” மருந்துச் சாலையில் என்ன கொடுக்கின்றார்கள் என்று கேட்டோம். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். இரண்டு வெள்ளை மாத்திரைகள். எந்த நோவுக்கும் அவையே என்றார்.

சட்டம் படித்த நாம் அவருக்கு உடனே விடை சொல்ல இயலாமல் தலை குனிந்தோம். பின்னர் தேடிப் படித்தோம். படித்ததை அவருக்குச் சொல்லும் கடமை போலவே, அதன் பொருளை அரசாங்கத்திடம் கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.

கொழும்புப் பல்கலைக் கழகத்து விலங்கியல் பேராசிரியர் டபிள்யூ. டி. ரத்னசூரியவும், எம். ஜி. தர்மசிறி முதலான அவருடைய கூட்டாளிகளும் நொச்சியின் முற்றிய பச்சை இலையை நீரில் இட்டுச் சாறு எடுத்து, அதை எலிகளுக்கு வாய் வழியே கொடுத்துச் சோதித்தனர். முற்றிய பச்சிலைக்கு வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் குணம் உண்டு என்று ஆயுர்வேதம் கூறுவது உண்மையா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. எலியின் பின்னங்காலில் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்னும் பொருளை ஊசியால் ஏற்றினால் பாதம் வீங்கும். சாறு குடித்த எலிக்கும் குடியாத எலிக்கும் அவ்வீக்கம் மணிக்கு மணி எவ்வளவு வேறுபடுகின்றது என்று அளப்பது ஒரு சோதனை. சூடான தட்டின்மேல் எலியை விட்டு, அது பாதத்தை நக்க எத்தனை விநாடி எடுக்கின்றது என்று பார்ப்பது இன்னொன்று. ஃபோமலின் ஊசியேற்றி, முதற் சில நிமிடங்களின் கடுப்பையும், சற்றுப் பின்னர் அழற்சியால் எழும் வலியையும் தனித்தனியே கணிப்பது மூன்றாவது. மூன்றிலும் நொச்சி வலியையோ வீக்கத்தையோ தணித்தது. உடலில் வலியையும் வீக்கத்தையும் மூட்டிவிடும் புரஸ்தகிளாண்டின் என்னும் பொருள் உண்டாவதை அது தடுக்கின்றது என்பதற்கும் சான்று கிடைத்தது. அந்த முடிவுகள் 2003 இல் அயல்நாட்டு ஆராய்ச்சி இதழ் ஒன்றில் வெளிவந்தன.

ஆகவே அம்மையாருக்கு நமது விடையின் முதற் பாதி இது: உங்கள் மனம் உங்களை ஏமாற்றுகின்றது என்று எவரும் இனி எளிதில் சொல்லிவிட முடியாது. எலிக்கு மூடநம்பிக்கை கிடையாது.

விடையின் மறுபாதியைச் சொல்லும்போது சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். “விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்” என்று கூவி நொச்சித் தூளையும் தைலத்தையும் விற்பவர்களைக் கேட்கின்றோம்: நிரூபிக்கப்பட்டது எது? சோதிக்கப்பட்டது முற்றிய பச்சிலையின் நீர்ச்சாறு. நீங்கள் விற்பதோ எந்த மாதத்தில் பறித்தது, எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது, எதனோடு கலந்தது என்று எவரும் அறியாத தூள். பச்சிலைக்குக் கிடைத்த நற்சான்றைக் காய்ந்த தூளின் பொட்டலத்தில் ஒட்டுவது, ஒருவரின் உறுதியை இன்னொருவரின் காணிக்குக் காட்டுவதற்கு ஒப்பாகும். அம்மையார் இடுவது ஒத்தடம், எலி குடித்தது சாறு, இவையும் ஒன்றல்ல. இதனினும் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று அந்த ஆராய்ச்சியிலேயே உள்ளது. வீக்கத்தைத் தணிக்கும் ஆற்றல் அளவு கூடக் கூட வளரவில்லை. குறைந்த அளவிலேயே மிகுந்து தோன்றியது. ஒரு பிடி நல்லதென்றால் இரு பிடி இன்னும் நல்லது என்னும் நமது வழக்கமான எண்ணத்துக்கு எலியே மறுப்புக் கூறியிருக்கின்றது. மனிதனுக்கு எவ்வளவு, எத்தனை நாள், கருவுற்ற தாய்க்குக் கொடுக்கலாமா, இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர் தொடலாமா — இவற்றில் எதற்கும் எலி விடை கூறாது.

மனிதரிடம் சோதித்துக் கடைக்கு வந்த மருந்துகளே சில வேளை ஏமாற்றிவிடுகின்றன. மூட்டு வலிக்கென 1999 முதல் உலகெங்கும் விற்கப்பட்ட வையொக்ஸ் என்னும் மாத்திரை மாரடைப்பைப் பெருக்குகின்றது என்று தெரிந்து, 2004 செப்டெம்பரில் அதைச் செய்த மேர்க் கம்பெனியே அதனைத் திரும்பப் பெற்றது. அம்மையாரின் முந்தானையில் இருந்த மாத்திரை எதுவென்று நாம் அறியோம். ஆயினும் டைகுளோபினக் போன்ற வலி நீக்கிகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் குடலில் புண்ணும் சிறுநீரகத்துக்குத் தீங்கும் நேரலாம் என்பது மருத்துவர் அனைவரும் அறிந்தது. ஒத்தடமும் மாத்திரையும் இருட்டில் கொடுக்கப்படுகின்றன. விளக்கேற்றுவோர் இல்லை என்பதே நமது முறைப்பாடு.

இனி, மறுபுறத்தில் நிற்கும் கனவான்களுக்கும் ஒரு சொல். பச்சிலை என்றதும் உதட்டைப் பிதுக்கும் படித்த கூட்டமொன்று நம்மவரிடையேயும் உண்டு. அவர்கள் நாள்தோறும் விழுங்கும் அஸ்பிரினின் பாட்டன் அலரிப் பட்டையல்லவா? மன்னிக்க வேண்டும், வில்லோ மரத்தின் பட்டை. நமது அலரி நஞ்சு, அதை எவரும் தொட வேண்டாம். அப்பட்டையை ஐரோப்பாவின் நாட்டுப்புறத்தார் காலங்காலமாக மென்றனர். 1897 இல் ஜெர்மனியில் பேயர் ஆலையின் ஹொஃப்மன் அதன் வழிவந்த பொருளைத் திருத்தி மாத்திரைக்கு உகந்ததாக்கினார். அது எவ்வாறு வலியைப் போக்குகின்றது என்பதை ஜோன் வேன் கண்டறிந்தது 1971 இல்தான். அவர் கண்ட விடையும் புரஸ்தகிளாண்டினைத் தடுப்பது என்பதே. நொச்சிச் சாறு செய்வதாகக் கொழும்பில் கண்டதும் அதுவே.

மூலிகை ஆராய்ச்சி மலைநாட்டுக்குப் புதியதா? நுவரெலியாவுக்கு அண்மையில் உள்ள ஹக்கல தாவரத் தோட்டம் பூப் பார்க்க வருவோருக்காகத் தொடங்கப்பட்டதன்று. 1861 இல் அது சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுச் சோதிக்கவே தொடங்கப்பட்டது. மலேரியாவுக்கு மருந்தான கொயினா அம்மரத்தின் பட்டையிலிருந்து வருவது. கோப்பி நோயுற்று அழிந்த காலத்தில் துரைமார் சிங்கோனாவை மலையெங்கும் நட்டனர். 1880 களில் பட்டை மிகுந்து விலை விழவும் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலைக்குத் திரும்பினர். நட்டவை யாருடைய கைகள்? தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த நமது முன்னோரின் கைகள். தேயிலைச் சாயத்தையே 2009 இல் ரத்னசூரிய எலிகளிடம் சோதித்து, அழற்சியைத் தணிக்கும் குணம் அதற்கு உண்டென்று வெளியிட்டார். முதுகில் கூடை சுமந்து அதனைப் பறிப்பவரின் முதுகுக்கோ அதனால் ஒரு சுகமும் வந்ததில்லை.

ஆகவே மனிதப் பரிசோதனை வேண்டும். அதை மலைநாட்டிலேயே நடத்த வேண்டும் என்று நாம் கேட்கின்றோம். தோள்வலியும் முழங்கால் வலியும் இடுப்பு வலியும் அங்குதான் குடியிருக்கின்றன. பக்கத்திலே பேராதனை மருத்துவ பீடம் உண்டு. சித்த மருத்துவத்தைக் கற்பிக்க யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பல்கலைக் கழகப் பிரிவுகள் உண்டு. ஆயுர்வேதத்தோடு சித்தத்தையும் யுனானியையும் தழுவிய 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. மருந்துப் பரிசோதனைகளை ஒழுங்குபடுத்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் உண்டு. இல்லாதது எண்ணம் ஒன்றே.

அப்படிக் கேட்கும் நாமே உடனே ஓர் அச்சத்தையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் ‘சம்மதம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன? வேலை தோட்டத்துடையது. குடியிருக்கும் லயம் தோட்டத்துடையது. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுபவர் தோட்டத்து உத்தியோகத்தர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுபவரும் அவரே. அவர் ஒரு தாளை நீட்டி, “இதில் ஒரு கையெழுத்துப் போடு, மருந்து கொடுப்பார்கள்” என்றால், மறுக்கும் துணிவு எவருக்கு வரும்? அச்சத்தில் பெற்ற கையெழுத்து ஒப்பந்தத்தையே கெடுத்துவிடும் என்பது சட்ட மாணவனின் முதலாண்டுப் பாடம். ஒருவரது உடலின்மீது பெறும் சம்மதத்துக்கு அதனினும் மேலான தூய்மை வேண்டாமா? வற்புறுத்தலோ வஞ்சகமோ இன்றித் தானே முன்வந்து தரும் சம்மதம் இன்றியமையாதது என்று 1947 இல் நூரம்பேர்க் நீதிமன்றம் விதித்தது. 1964 இல் உலக மருத்துவ சங்கம் ஹெல்சிங்கியில் அதை விரித்தது.

விதி இருந்தும் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமாவைப் பாருங்கள். டஸ்கீகீ என்னும் ஊரை அண்டிய வாரக்குடியானவர்களான கறுப்பு இன மக்கள் சில நூற்றுவரை 1932 முதல் 1972 வரை அரசாங்க மருத்துவர்கள் கிரந்தி நோயின் போக்கைக் காணும் பொருட்டுச் சிகிச்சையின்றி வைத்திருந்தனர். நோயைத் தீர்க்கும் பெனிசிலின் வந்த பின்னரும் கொடுக்கவில்லை. சோறும், இறந்தால் அடக்கச் செலவும் கொடுத்தனர்! நிலமற்ற உழவனின் உடல் எளிதாகக் கிடைக்கின்றது. எளிதாகக் கிடைப்பதை ஆராய்ச்சியும் தேடிச் செல்கின்றது.

மலைநாட்டு மக்களுக்குத் தாள் என்றாலே ஒரு நினைவு உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை ஒரு தாளால் நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது. எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003 இல். எலி சாட்சி சொன்ன அதே ஆண்டில். அத்தகைய மக்களிடம் நீட்டப்படும் சம்மதப் பத்திரம் அவர்கள் பேசும் தமிழில் இருக்க வேண்டும். வாசித்துக் காட்டப்பட வேண்டும். வாசிப்பவர் தோட்டத்துச் சம்பளம் பெறாதவராக இருக்க வேண்டும். மறுத்தவர் பெயர் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. தமிழும் அரச கரும மொழி என்று 1987 இன் 13 ஆவது திருத்தம் சொல்லிவிட்டபடியால் இது எவரும் இடும் பிச்சையன்று.

வடக்கிலும் கிழக்கிலும் இதை வாசிக்கும் கமக்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நொச்சி உங்கள் வேலியிலும் வாய்க்காற் கரையிலும் நிற்கின்றது. இந்நாட்டு மருந்துக் கடைகளின் உலர் மூலிகையிற் பெரும்பங்கு இன்றும் இந்தியாவிலிருந்து இறக்குமதியாகின்றது. எந்த இலை, எந்தப் பருவம் என்பதைப் பரிசோதனை வரையறுத்துவிட்டால், அவ்வரையறைப்படி பயிரிடுபவருக்கு விலை கேட்கும் உரிமை பிறக்கும். அது பிறக்குமுன் வேறொருவர் பதிவு செய்துகொள்ளவும் கூடும். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கே 1995 இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள்! இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய ஏடுகளைக் காட்டி வாதாடி 1997 இல் அதைத் தள்ளுபடி செய்வித்தது. நமக்காக வாதாட ஏடும் இல்லை, மன்றமும் இல்லை என்ற நிலை வரலாகாது. அகத்திய மலையில் வாழும் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப் பச்சையிலிருந்து கேரளத்து ஆராய்ச்சி நிலையம் மருந்து செய்து, 1995 இல் அதன் உரிமத்தை விற்றபோது, உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியை அம்மக்களுக்கென ஒதுக்க உடன்பட்டது. அதிலும் குறைகள் உண்டு. பணம் போய்ச்சேர ஆண்டுகள் ஆயின. ஆயினும் பாதி என்று எழுத்தில் இருந்தது.

வலி தீர்ந்தால் இன்னும் இரண்டு கிலோ பறிக்கலாமே என்று கணக்குப் போடும் முதலாளியும் இருப்பார். நாளொன்றுக்கு 18, 20 கிலோ என்று நிறை வைத்து, செங்குத்துச் சரிவில் தலைக் கயிற்றால் கூடையைத் தொங்கவிட்டு வேலை வாங்கும் முறையே அந்தத் தோளின் நோய்க்கு முதற் காரணம். நொச்சி அதற்குப் பரிகாரமன்று. பரிசோதனை நடத்துவோர் எவ்வளவு வலி குறைந்தது என்பதோடு, எவ்வளவு சுமையால் வலி வந்தது என்பதையும் அதே பதிவேட்டில் எழுத வேண்டும்.

பழந்தமிழர் கோட்டையைக் காத்து நின்றபோது சூடிய பூ நொச்சி. இதைப் பண்டிதர்கள் மேடையில் சொல்லக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். இன்று அதன் இலை சீலையில் முடிந்து ஒரு தாயின் தோளில் இருக்கின்றது.

மேற்சொன்ன கோரிக்கைகளை மனுவாக்கிச் சுகாதார அமைச்சுக்கும், ஆயுர்வேதத் திணைக்களத்துக்கும், மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும், பேராதனை மருத்துவ பீடத்துக்கும் இக்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கின்றோம். தமிழ்ப் பிரதியொன்று அந்த லயத்துக்கும் போயிருக்கின்றது. பதில்கள் வரும் ஒழுங்கில் இப்பக்கத்தில் வெளியிடுவோம். பதில் எழுதாதோரின் பெயர்களையும் மூன்று மாதங்களின் பின் வெளியிடுவோம்.