சேரிக்கு வந்து சேராத சுற்றறிக்கைகள்

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்விக்காக வெளியிடப்படும் அரசாணைகளுக்கும் சுற்றறிக்கைகளுக்கும் பஞ்சமில்லை. அவை சென்னையிலிருந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கும், அவர் வழியே வட்டாரக் கல்வி அலுவலருக்கும், பின்னர் தலைமையாசிரியரின் கைப்பேசிக்கும் விரைவாகவே வந்துவிடுகின்றன. அந்தக் கைப்பேசியிலிருந்து காலனித் தெருவில் வசிக்கும் பெற்றோரிடம் அவை சென்று சேர எத்தனை நாளாகும் என்பதே நம் கேள்வி. பல நேரங்களில் அவை சேர்வதே இல்லை. இதை நிர்வாகக் கோளாறு என்று சொல்லிக் கடந்து போகிறவர்கள் உண்டு. யாருக்குச் செய்தி சேர்கிறது, யாருக்குச் சேரவில்லை என்று உற்றுப் பார்த்தால், ஊருக்கும் சேரிக்கும் இடையிலான பழைய எல்லைக்கோடு அதில் தெரியும்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மூன்றாண்டுகளைப் பொதுவாக யாரும் பொருட்படுத்துவதில்லை. பொதுத்தேர்வு இல்லாத வகுப்புகள் என்பதால் நாளிதழ்களும் அவற்றுக்குப் பக்கம் ஒதுக்குவதில்லை. ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென இன்றிருக்கும் மிகப் பெரிய உரிமைகளின் வாசற்படி ஆறாம் வகுப்பில்தான் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இவை அனைத்துக்கும் அடிப்படை நிபந்தனை ஒன்றே: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவித்தொகைத் திட்டங்கள் இரண்டிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டின் கீழ்த் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பயின்று, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு.

இந்த நிபந்தனையைக் காலனியில் உள்ள ஒரு குடும்பத்தின் இடத்திலிருந்து பார்ப்போம். கட்டட வேலைக்குப் போகும் தந்தை, கடன் வாங்கியாவது மகளை அருகிலுள்ள நகரத்தின் சிறிய ஆங்கிலவழிப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கிறார். அரசுப் பள்ளியில் தான் பட்ட அவமானத்தை மகள் படக்கூடாது என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். இரண்டாண்டில் கட்டணம் கட்ட முடியாமல் மீண்டும் அரசுப் பள்ளிக்கே அழைத்து வருகிறார். அந்த இரண்டாண்டுகளுக்காக மகளின் மருத்துவ இடத்துக்கான உள் ஒதுக்கீடும் கல்லூரிக் காலத்தின் மாத உதவியும் கைநழுவிப்போகின்றன. ஐந்தாம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த நாளில் அதை அவரிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருடையது? அப்படி ஒரு பொறுப்பை எந்தப் பதிவேடும் யார் பெயரிலும் எழுதி வைக்கவில்லை. அவர் இதை அறிந்துகொள்வது அநேகமாக மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விண்ணப்பம் நிரப்பும் வேளையில்தான்.

எட்டாம் வகுப்பில் இன்னொரு வாசல் திறந்து மூடுகிறது. தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் வெல்லும் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000 ரூபாய் கிடைக்கிறது. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 50 போதும். ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் மாலையில் தனிப்பயிற்சி நடத்தும் பள்ளிகளில் ஆண்டுதோறும் நாலைந்து பிள்ளைகள் வெல்கிறார்கள். அத்தகைய ஆசிரியர்களை நாம் நன்றியோடு குறிப்பிட வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளியிலோ ‘நன்றாகப் படிப்பவர்கள்’ மட்டும் விண்ணப்பிக்க வைக்கப்படுகிறார்கள். நன்றாகப் படிப்பவர் யார் என்பதை முடிவு செய்யும் கண்ணுக்குச் சாதி தெரியாது என்று நம்மால் நம்ப முடியவில்லை. 50 விழுக்காடு போதும் என்ற விதி தெரிந்திருந்தால் அம்மா போய்க் கேட்டிருப்பார், தெரியாததால் கேட்கவில்லை.

உதவித்தொகை பற்றிய செய்தி பிள்ளைகளை வந்தடையும் விதமும் பேசப்பட வேண்டியது. ‘எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்’ என்பது நம்மில் பலர் கேட்டு வளர்ந்த வாசகம். பெற்றோரின் காதுக்கு எட்ட வேண்டிய தகவல் வகுப்பறையின் நடுவே அறிவிக்கப்பட்டு, பிள்ளையின் சாதி மட்டும் எல்லோருக்கும் தெரிவிக்கப்படுகிறது; விண்ணப்பத்தின் கடைசித் தேதியும், எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட வேண்டும் என்பதும் வீடு வந்து சேர்வதில்லை. சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் பள்ளி மணி அடிக்கும் வரை வெளியிலேயே இருந்துவிட்டு, மணி அடித்தபின் வகுப்புக்குள் சென்றதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார் இரட்டைமலை சீனிவாசன். அவர் கோயம்புத்தூரில் படித்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. இன்றைய ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் எழுந்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் அதே அச்சம்தான்.

நீதிநாயகம் கே. சந்துரு குழு இதைக் கவனித்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவரும், தடுக்க வந்த அவருடைய தங்கையும் வீட்டுக்குள் வெட்டப்பட்டதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட ஒருநபர் குழு அது. 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அது அளித்த 610 பக்க அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது, ஆசிரியர் எவரும் மாணவரைச் சாதி சுட்டி அழைக்கக்கூடாது, உதவித்தொகைத் தகவலை உரிய மாணவருக்குத் தனியே, மறைவாகத் தெரிவிக்க வேண்டும், இருக்கைகள் அகர வரிசையில் அமைய வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. கைகளில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலரை நியமிக்கவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கவும் அது கேட்டது. ஊடகங்களில் கயிறும் திலகமும்தான் விவாதமாயின. உதவித்தொகையை மறைவாக அறிவிக்கும் பரிந்துரையைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டதாக நமக்கு நினைவில்லை.

நாங்குநேரி நிகழ்வில் நாம் அடிக்கடி மறந்துவிடும் ஒரு கண்ணி உண்டு. அந்த மாணவர் சில நாள்கள் பள்ளிக்குச் செல்லவில்லை. பள்ளி விசாரித்தது, சக மாணவர்களின் துன்புறுத்தல் வெளியே வந்து புகாராயிற்று. அதன் பிறகே அரிவாள் வீடு தேடி வந்தது. அதாவது, பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே தொடர்பு நிகழ்ந்தது. புகாரளித்தவரைக் காக்கும் ஏற்பாடு எதுவும் அந்தத் தொடர்பில் இல்லை. பெற்றோர் பள்ளியோடு பேச வேண்டும் என்று அறிவுரை சொல்பவர்கள், பேசிய பின் அந்தக் குடும்பத்துக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

சுற்றறிக்கை வெளியாவதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது என்பதற்கு 2019 சாட்சி. சாதி அடையாளக் கயிறுகளைத் தடுக்குமாறு பள்ளிக் கல்வித் துறை இயக்குநர் அலுவலகம் அவ்வாண்டு அனுப்பிய சுற்றறிக்கைக்கு எதிர்ப்பு எழுந்தவுடன், அது தமக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டதென்று அன்றைய அமைச்சரே ஒதுங்கிக்கொண்டார். ஐந்தாண்டு கழித்து அதே கோரிக்கை ஒரு நீதிபதியின் அறிக்கை வழியாகத் திரும்பி வர வேண்டியிருந்தது. இடையில் நாங்குநேரி நடந்து முடிந்திருந்தது.

பெற்றோர் பங்கேற்பு என்ற சொல்லையும் நாம் எச்சரிக்கையோடே கையாள வேண்டும். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று பள்ளியை முற்றுகையிட்டவர்களும் பெற்றோர்கள்தாம். அவர்களுடைய குரலுக்கு அதிகாரிகள் உடனே செவிசாய்த்து அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்தார்கள். தலித் இயக்கங்கள் போராடிய பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ‘ஊர்மக்கள்’, ‘சமூகம்’ என்று அரசு சொல்லும்போது அதில் சேரி அடங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

இங்குதான் பள்ளி மேலாண்மைக் குழு முக்கியமாகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21, குழு உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடமளிக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசின் 2010 விதிகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும்; நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களின் பார்வைக்குக் கிடைக்க வேண்டும்; குழந்தைகளின் உரிமைகளைச் சுற்றுவட்டார மக்களுக்கு எளிய முறையில் எடுத்துச் சொல்வதும், குழந்தைகள் மீதான மன, உடல் துன்புறுத்தலை உள்ளாட்சி அமைப்பின் கவனத்துக்குக் கொண்டு செல்வதும் குழுவின் பணிகள். தகவலை வீடுவரை கொண்டு சேர்ப்பது யாரோ ஒரு நல்லாசிரியரின் கருணையைச் சார்ந்தது அல்ல, குழுவின் கடமை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

நடைமுறையில், கூட்டங்கள் பெரும்பாலும் வேலைநாளின் பிற்பகலில் நடக்கின்றன. நூறு நாள் வேலைக்கோ, களையெடுப்புக்கோ, பின்னலாடை நிறுவனத்துக்கோ போகும் தாய்க்கு அந்தப் பிற்பகல் ஒரு நாள் கூலி. வர முடியாதவரின் வீட்டுக்குக் கூட்டம் முடிந்த பின் பதிவேடு மட்டும் கையெழுத்துக்காகப் போகிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு போட்டுவிட்டோம் என்கிறார்கள். குடும்பத்தின் ஒரே திறன்பேசி தந்தையோடு கேரளத்துக் கட்டட வேலைத்தளத்தில் இருக்கிறது. பெண் தலைவர் பெயரளவில் இருக்க, அவருடைய இடத்தில் கணவரோ ஊர்ப் பெரியவரோ பேசும் காட்சியை ஊராட்சி மன்றங்களில் பார்த்துப் பழகிய நமக்கு, பள்ளியில் அது நிகழ்வது வியப்பளிக்காது. தலைமையாசிரியர்களின் சுமையையும் மறுக்க வேண்டியதில்லை. இணையத்தில் பதிவேற்றும் வேலையே அவர்களின் பாதி நாளை விழுங்குகிறது. ஆனால் அதே சுமைக்கு நடுவில் ஊர்த் தெருவுக்குச் செய்தி சேர்ந்துவிடுகிறதே!

கேள்வி கேட்கும் ஒரு தாய் என்ன செய்ய முடியும் என்பதை ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே 2022 இறுதியில் பார்த்தோம். டெங்கு வந்த மகனிடம் கொசு எங்கே கடித்தது என்று விசாரித்தபோது, பள்ளிக் கழிவறையைத் தினமும் தாங்கள் சுத்தம் செய்வதாக அவன் சொன்னான். அந்த வேலைக்கு ஏவப்பட்டவர்கள் தலித் பிள்ளைகள். தலைமையாசிரியை மீது வழக்குப் பதிவாகி அவர் கைது செய்யப்பட்டார். அந்தப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு இருந்திருக்கும். அதன் பதிவேட்டில் கழிவறை பற்றி ஏதாவது எழுதப்பட்டிருந்ததா என்று நாம் கேட்டோமா? நோய் வந்திராவிட்டால் அந்த வேலை எத்தனை நாள் தொடர்ந்திருக்குமோ.

கல்லூரியில் படிக்கும் நம் தோழர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. அது கடினமான வேலையுமல்ல. சொந்த ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தீர்மானப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்கலாம். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று ஆறாம் வகுப்பு நிபந்தனையை ஏப்ரல் மாதத்துக்குள் சொல்லிவிடலாம். எட்டாம் வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணையும் கேட்டு, 50 தாண்டிய எல்லோரும் தேர்வுக்கு விண்ணப்பித்தார்களா என்று சரிபார்க்கலாம். புகார் சொல்ல வேண்டிய நிலை வந்தால் 14417, 1098 எண்களை அழைத்துக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், அந்தக் குடும்பத்தைத் தனியே விடாமல் இயக்கத் தோழர்கள் உடன் செல்ல வேண்டும். துறையிடம் நாம் கேட்பதும் சிறியதே: மாதக் கூட்டங்களில் பாதியையாவது மாலை ஆறு மணிக்குப் பிறகு, சேரியின் சமுதாயக் கூடத்திலோ அங்கன்வாடியிலோ நடத்துங்கள். ஊர்ப் பெற்றோரும் அங்கே வரட்டும்.

இக்குழுக்களின் காலம் இரண்டாண்டு. 2024 ஆகஸ்டில் மறுகட்டமைக்கப்பட்டவை 2026இல் மீண்டும் அமைக்கப்பட வேண்டியவை. பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் எந்தத் தேதியில் என்ற அறிவிப்பும் ஒரு சுற்றறிக்கையாகத்தான் தலைமையாசிரியரிடம் வந்து சேரும். அதைக் காலனித் தெருவில் முதலில் வாசித்துக் காட்டப் போகிறவர் யார் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்வோம்.