அத்தை சமைக்கிறது பதினெட்டுக் கறி, சாப்பிடுறது ரொட்டி

போன மாசம் எங்க பட்ச் வட்ஸ்அப் குரூப்ல ஒரு கேள்வி வந்தது. கொழும்புப் பையன் ஒருத்தன் குடும்பத்தோட சீகிரியா போறானாம். "மச்சான், நீ மாத்தளைதானே? போற வழியில எங்க நல்லா சாப்பிடலாம்?"

நான் ரெண்டு நிமிஷம்கூட யோசிக்கல. கூகுள் மெப்பைத் திறந்தேன். ஏ9 வீதியில, ஸ்டார் கூடின, மண்சட்டிகளை வரிசையா அடுக்கிப் படம் போட்டிருந்த ஒரு பஃபே கடையோட லிங்கை அனுப்பினேன். "தேங்ஸ் மச்சான்"னு பதில் வந்தது. அதோட விஷயம் முடிஞ்சுது.

இரவு படுக்கும்போதுதான் உறைச்சது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் யட்டவத்தப் பக்கத்துத் தோட்டம் ஒண்ணுல. நான் லிங்க் அனுப்பின கடையில ஒரு நாளும் சாப்பிட்டதில்ல. எங்க வீட்டுல யாரும் சாப்பிட்டதில்ல. ஆனா "உன் ஊர்ல எங்க நல்ல சாப்பாடு?"ன்னு ஒருத்தன் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது எனக்குத் தெரியாத ஒரு கடைதான். தெரிஞ்ச எதையும் சொல்லத் தோணல. ஏன்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

என் அத்தை அதே வீதியில, அதே மாதிரியான வேறொரு கடையின் குசினியில வேலை செய்றாங்க. விடியக்காலை முதல் பஸ்ஸைப் பிடிச்சுப் போவாங்க. தேங்காய் துருவுறது, பலாக்காய் வெட்டுறது, கீரை ஆய்றது, பருப்பு, கத்தரிக்காய், வாழைப்பூ, ஈரப்பலா என்று ஒரு நாளைக்குப் பதினெட்டு மண்சட்டி நிரப்பணும். கடைக்கு முன்னால மூணு மொழியில போர்டு இருக்கு, 'கிராமத்துச் சாப்பாடு' என்று. முன்பக்கம் சீத்தையும் ஜக்கெட்டும் உடுத்த ஒரு அக்கா விறகடுப்புப் பக்கத்துல நின்று ரொட்டி தட்டுவாங்க. வெள்ளைக்காரர்கள் படம் எடுப்பாங்க. உண்மையான சமையல் பின்னால, கேஸ் அடுப்புல நடக்கும்.

"அங்க நாங்க வைக்கிற மாதிரி வைக்கக் கூடாது தம்பி. உறைப்புக் குறைக்கணும், கருவாடு போடக் கூடாது, மாசி வாசம் வரக் கூடாது. பார்க்க நம்ம சாப்பாடு மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்பாங்க. மிஞ்சின கறியை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டாங்களாம். ஆறு மணிக்கு வந்து இறங்கி, கோதுமை மா ரொட்டி ரெண்டு தட்டி, கட்டசம்பலோட சாப்பிட்டுட்டுப் படுப்பாங்க. காலையிலிருந்து பதினெட்டுக் கறி சமைச்ச கைக்கு இரவுல இன்னொரு கறி வைக்கத் தெம்பு இருக்காது.

என் கருத்தை நேராச் சொல்லிடுறேன். இலங்கைக்கு வர்றவங்களுக்கு நல்ல சாப்பாடு கிடைக்காம போறதுக்குச் சமைக்கத் தெரியாதது காரணம் இல்ல. சமைக்கிறவங்களும் சாப்பிட வர்றவங்களும் நேருக்கு நேர் சந்திக்காத மாதிரி இந்தப் பாதை அமைஞ்சிருக்கு. அதுல நம்ம வெட்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கு.

முதல்ல பாதையைப் பார்ப்போம். கண்டியிலிருந்து தம்புள்ளை, சீகிரியா போற எல்லா வேனும் மாத்தளையைத் தாண்டித்தான் போகும். அலுவிகாரைப் பக்கம் வரிசையா மூலிகைத் தோட்டங்கள், அதுக்கு அடுத்தாப்போல பஃபே கடைகள். எங்க நிற்கணும்னு முடிவெடுக்கிறது பெரும்பாலும் உள்ளே இருக்கிற பயணி இல்ல, டிரைவரோ கைடோதான். கூட்டி வர்றவருக்குச் சாப்பாடு இலவசம், பில்லில் ஒரு பங்கும் கிடைக்கும். இது ஊரறிஞ்ச விஷயம். டிரைவரைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்ல, அவரோட நாள் சம்பளம் அவ்வளவு குறைவு. ஆனா அந்தப் பங்கைப் பயணி தன்னோட தட்டுக்கான விலையிலதான் கட்டுறார். சமைச்சவருக்குப் போக வேண்டியதும் அதுக்குள்ளதான் கரையுது.

இன்னொரு உண்மையையும் ஒத்துக்கணும். அந்தக் கடைகளில் சுத்தமான கழிவறை இருக்கு, வேன் நிறுத்த இடம் இருக்கு. வயசான அம்மாவைக் கூட்டிட்டுப் போற யாருக்கும் சாப்பாட்டுக்கு முதல் தேவை அதுதான். நம்ம சின்னக் கடைகளில் அது இல்ல. இதை மறைச்சுட்டு "ஏன் எங்க பக்கம் வரல?"ன்னு கேட்கிறது நியாயம் இல்ல.

இந்த வீதிக்கு இன்னொரு கதையும் இருக்கு. கோப்பிக் காலத்துல நம்ம ஆட்கள் மன்னார்க் கரையில இறங்கி, காட்டு வழியா, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்துதான் வந்தாங்க. பசியிலயும் கொலராவிலயும் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தாங்க. 2023இல் மலையக மக்களின் 200 வருஷத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஒரு நடைபயணம் போனாங்களே, அது இந்தத் தடத்தை நினைச்சுத்தான். வந்து சேர்ந்தவங்களுக்குத் தோட்டம் அரிசி கொடுத்தது, கொடுத்த அரிசிக்குச் சம்பளத்துல கழிச்சது. ஆக, சாப்பாட்டுக்கான கணக்கு இந்தப் பாதையில புதுசு இல்ல. தாத்தா பாட்டி பசியோட நடந்த வழியில இன்றைக்குப் பேத்தி பதினெட்டுச் சட்டி நிரப்புறாங்க, ஆனா அந்தச் சட்டி இன்னும் அவங்களுடையது ஆகல.

சரி, எங்க சாப்பிடலாம்? அந்தக் கொழும்புப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

முதலாவது, நேரம். இலங்கையில சோறும் கறியும் பகல் சாப்பாடு. பன்னிரண்டு மணிக்குச் சட்டி இறங்கும், ஒன்றரைக்குள்ள நல்ல கறி முடிஞ்சிடும். இரவு எட்டு மணிக்குப் போய் 'ரைஸ் அண்ட் கறி' கேட்டா, பகல் மிஞ்சினதைச் சுட வைச்சுத்தான் தருவாங்க. இரவுக்கு இடியப்பம், ஆப்பம், ரொட்டி, கொத்து. ஊர் எப்போ எதைச் சாப்பிடுதோ, அப்போ அதைச் சாப்பிட்டா பாதிப் பிரச்சினை முடிஞ்சுது.

இரண்டாவது, போர்டு. நம்ம ஊர்ல 'ஹோட்டல்' என்று எழுதியிருந்தா அங்க படுக்க ரூம் இருக்காது, சாப்பாடுதான் இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. பஸ் கண்டக்டரும் ஓட்டோக்காரரும் கடைக்கார முதலாளியும் எந்த ஹோட்டல்ல பார்சல் வாங்குறாங்கன்னு பாருங்க. தினமும் அதே முகங்கள் வந்து போற இடத்துல பழைய கறியை ஒளிச்சு வைக்க முடியாது.

மூன்றாவது, மாத்தளை டவுன். பஸ் ஸ்டாண்டைச் சுத்தி முஸ்லிம் ஹோட்டல், சைவக் கடை, சிங்களச் சாப்பாட்டுக் கடை மூன்றும் நடந்து போற தூரத்துல இருக்கு. காலையில சைவக் கடையில தோசை, பகல் சிங்களக் கடையில சோறு, பின்னேரம் முஸ்லிம் ஹோட்டல்ல ரொட்டியும் பிளேன்டீயும் என்று ஒரே நாளில் மூன்று சமையலைச் சாப்பிடலாம். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயில் பஞ்சரதம் ஓடுற நாள்ல வந்தா அன்னதானம். வெசாக் நேரம் வந்தா வீதி ஓரத்துத் தன்சல். ரெண்டு இடத்துலயும் காசு கேட்கமாட்டாங்க, மதமும் கேட்கமாட்டாங்க.

நான்காவது, வீதியை விட்டு உள்ளே திரும்புங்க. எங்க யட்டவத்தப் பக்கம் மிளகு, கொக்கோ, சாதிக்காய், பலா எல்லாம் ஒரே வீட்டுத் தோட்டத்துல நிற்கும். பஃபேக்கு வர்றவங்க காசு கொடுத்து மூலிகைத் தோட்டத்துல பார்க்கிற மிளகுக்கொடி இங்க வேலியில படர்ந்திருக்கும். அந்தப் பச்சை மிளகை இடிச்சுப் போட்ட கருவாட்டுக் கறியின் வாசம் எந்தப் போர்டிலயும் எழுத முடியாதது. பலாவைப் பற்றித் தனியாச் சொல்லணும். சிங்களத்துல பொலொஸ் என்கிற பிஞ்சு ஒரு கறி, முத்தின காய் ஒரு கறி, அவிச்சு தேங்காய்ப்பூவோட சாப்பிட்டா ஒரு நேரச் சாப்பாடு, பழம் வேறு, கொட்டை வேறு. ஒரு மரம் ஒரு குடும்பத்தைப் பஞ்சத்துல காப்பாத்தும். அதனாலதான் போன நூற்றாண்டுல ஆதர் வி. டயஸ் என்கிறவர் நாடு முழுக்கப் பலா நடச் சொல்லி இயக்கம் நடத்தினார். ஜனங்க அவரை 'கொஸ் மாமா' என்றே கூப்பிட்டாங்க. 2022இல் கேஸும் இல்லாம, மாவும் விலை ஏறிப்போய்க் கிடந்தப்போ எங்க லயத்துக்குப் பின்னால நின்ற பலாமரம்தான் எங்களுக்கும் சோறு போட்டது.

இப்போ வெட்கத்துக்கு வர்றேன். கம்பஸ் வந்த முதல் வருஷம், வீட்டுல கட்டிக் கொடுத்த ரொட்டியும் சம்பலும் பேக்குக்குள்ள இருக்கும், நான் கன்டீன்ல வரிசையில நிற்பேன். ரொட்டியைத் திறந்தா "தோட்டம்" என்று முகத்துல எழுதின மாதிரி இருக்கும்னு பயம். அதே ரொட்டிக்குப் பெரிய ஹோட்டல் காலைச் சாப்பாட்டுல தனி மேசை போட்டு, ஒரு ஆள் நின்று சுட்டுக் கொடுக்கிறார் என்று பிறகுதான் தெரிஞ்சுது. அங்க அது 'பாரம்பரியம்', என் பேக்குக்குள்ள இருந்தா 'வறுமை'. ரொட்டி ஒண்ணுதான்.

இது நமக்கு மட்டும் நடந்ததில்ல. மத்தியதரைக் கடல்ல கிரீட் என்று ஒரு தீவு இருக்கு, இன்றைக்கு உலகமே விடுமுறைக்குப் போற இடம். அங்க 'மத்தியதரைச் சாப்பாடு' என்று விலை கொடுத்துச் சாப்பிடுறாங்களே, அது ஒரு காலத்துல ஏழை விவசாயி சாப்பிட்டது. ரொட்டி, ஒலிவ் எண்ணெய், காட்டுக்கீரை, பருப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அன்சல் கீஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர் ஏழு நாடுகளில் நடத்தின ஆய்வுல, இதய நோய் மிகக் குறைவா இருந்தவங்களில் கிரீட் விவசாயிகளும் இருந்தாங்க. 2010இல் யுனெஸ்கோ அந்த உணவு மரபைத் தன்னோட பட்டியல்ல சேர்த்தது. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கைக்கீரை, குரக்கன், பலா என்று நம்மகிட்டயும் அதே மாதிரி ஒரு பட்டியல் இருக்கு. ஆனா யாராவது வெளியே இருந்து வந்து நல்லதுன்னு சொல்றவரைக்கும் நாம வாயைத் திறக்கமாட்டோம்.

அதுக்காக, லயத்தைச் சுற்றுலாக் காட்சி ஆக்கணும்னு நான் சொல்லல. ஏற்கனவே கொழுந்துக் கூடையை மாட்டிப் படம் எடுக்கிறது ஒரு வியாபாரமா நடக்குது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில வெளிநாட்டுக்காரரை உட்கார வைச்சு 'தொழிலாளி வீட்டுச் சாப்பாடு' என்று விற்கிறதுல எனக்கு விருப்பம் இல்ல. எங்க கஷ்டம் ஊறுகாய் இல்ல, பக்கத்துல தொட்டுக்க வைக்கிறதுக்கு.

ஆனா வேற வழி கண்ணுக்கு முன்னாலயே இருக்கு. பேராதனையில படிக்கிற எல்லாருக்கும் கன்னொறுவை 'ஹெல பொஜுன்' தெரியும். விவசாயத் திணைக்களம் இடம் கொடுக்குது, ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு அடுப்பு வைச்சு நம்ம கண் முன்னால சமைச்சு விற்கிறாங்க, விற்கிற காசு சமைக்கிறவங்களுக்கு. கையில காசில்லாத மாணவனும் சாப்பிடலாம், வேனில் வந்த வெளிநாட்டுக்காரரும் சாப்பிடலாம். வடக்குல அதே முறை 'அம்மாச்சி' என்ற பெயரில் நடக்குது. யாழ்ப்பாணம் போற எங்க பட்ச் பிள்ளைகள் முதல்ல கேட்கிறதே அம்மாச்சி எங்கேன்னுதான்.

அப்படி ஒண்ணு ஏன் மாத்தளை–யட்டவத்தைப் பாதையில தோட்டத்துப் பெண்களுக்கும் கிராமத்துப் பெண்களுக்கும் சேர்த்து இருக்கக் கூடாது? தேவைப்படுறது பெரிய முதலீடு இல்ல. கூரை, தண்ணி, ரெண்டு கழிவறை, வேன் நிறுத்த இடம், மூன்று மொழியில விலை எழுதின ஒரு போர்டு. பிரதேச சபைக்குக் கட்ட முடியாத விஷயம் இதுல எதுவும் இல்ல. கருவாட்டைக் கருவாடாவே வைக்கலாம். உறைப்பு வேண்டாம்னா பக்கத்துல தேங்காய்ச் சொதி இருக்கு, ஊத்திக்கிட்டா சரி.

அத்தைக்கிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சாங்க. "கடை போட்டா நான் பதினெட்டுக் கறி வைக்கமாட்டேன் தம்பி. அஞ்சு வைப்பேன், ஆனா ஒழுங்கா வைப்பேன்" என்றாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஞாயிற்றுக்கிழமை லீவு விடணும்" என்றாங்க.

அடுத்த நாள் அந்தக் கொழும்புப் பையனுக்கு மேலே எழுதினதை எல்லாம் வொய்ஸ் மெசேஜா அனுப்பினேன். அவன் கேட்டுட்டு, "மச்சான், அப்போ உங்க வீட்டுப் பக்கம் வரட்டுமா?" என்றான். நான் டைப் பண்ணினேன், அழிச்சேன், திரும்பவும் டைப் பண்ணினேன். கடைசியில "வா"ன்னு அனுப்பினேன். அவங்க வரல, போற அன்றைக்கு நேரம் பிந்திட்டுதாம், நான் முதல்ல அனுப்பின பஃபேயிலேயே சாப்பிட்டாங்களாம். "சாப்பாடு ஓகே மச்சான், கறி கொஞ்சம் சப்புன்னு இருந்தது" என்றான்.

சப்புன்னு வைக்கச் சொல்றது யாருன்னு அவனுக்குச் சொல்லியிருக்கேன். அடுத்த போயா லீவுக்கு வாறதா இருக்கான். பன்னிரண்டு மணிக்கு முதல் வந்துடு என்று சொல்லி வைச்சிருக்கேன்.