காட்டிக் கொடுத்தவன் யார்?

ஊரில் ஒருவர் பேரில் தாலூகா ஆபீசுக்கோ, போலீஸ் ஸ்டேஷனுக்கோ ஒரு மொட்டை விண்ணப்பம் போய்விடுகின்றது. அதன் மீது அதிகாரிகள் வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வண்டி தெருமுனை திரும்புவதற்குள்ளாகவே, அந்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "இது இன்னாருடைய வேலைதான்" என்று ஒரு பேரைச் சொல்லிவிடுகின்றார். பொழுது சாய்வதற்குள் அப்பேர் ஊர் முழுவதும் பரவிவிடுகின்றது. மறுநாள் முதல் அந்த இன்னாருக்கு டீக்கடையில் பேச்சுத் துணை இல்லை. கல்யாணம் காட்சிக்கு அழைப்பு இல்லை. அவர் எழுதியதை யார் கண்டார்கள் என்று கேட்டால், "வேறு யார் எழுதியிருப்பார்கள்?" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

தோழர்களே! இதுதான் ருஜுவா என்று கேட்கின்றோம். "வேறு யார்?" என்பது கேள்வியே ஒழிய சாட்சியாகாது. அவன் அன்றைக்குப் பட்டணம் போனான், என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான், வரப்புத் தகராறில் அவனோடு பேச்சு வார்த்தை இல்லை என்பவையெல்லாம், அவனுக்கு உங்களிடம் பிரியமில்லை என்பதைக் காட்டக்கூடுமே அல்லாமல், பேனாவைப் பிடித்தது அவன் கைதான் என்பதைக் காட்டவே காட்டாது. பிரியமில்லாதவர்கள் எல்லோரும் மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களாய் இருந்தால், தபால்காரருக்கு வேறு கடிதம் சுமக்க நேரமே இருக்காது.

களவு போன நகையைக் கண்டுபிடிக்க வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவனைக் கண்டு நாம் சிரிக்கின்றோம். மையில் தெரிவதாக அவன் சொல்லும் உருவம் யாருடையது? நகையைப் பறிகொடுத்தவர் முன்னமேயே யாரைச் சந்தேகப்பட்டாரோ அவருடைய உருவந்தான். அப்படி இருக்க, "என் மனதுக்குத் தெரிகின்றது, அவன்தான்" என்று சொல்லுகிறவர் மாத்திரம் அறிவைக்கொண்டு பேசுகிறவராகிவிடுவாரா? அவரும் மை போடுகிறவர்தான். வெற்றிலைக்குப் பதிலாக மனதில் போடுகிறார் என்பதே வித்தியாசம்.

நிற்க, இந்தச் சந்தேகம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். வில்லியம் ஆல்பர்ட்சன் என்பவர் நியூயார்க் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர்களில் ஒருவர். 1953-ல் பிட்ஸ்பர்க் நகரத்தில் கட்சித் தொண்டின் பொருட்டு வழக்கில் சிக்கித் தண்டனை அடைந்தவர். அவ்வழக்கில் சர்க்கார் தரப்பில் சாட்சி சொன்ன உளவாளி ஒருவனுடைய பேச்சு நம்பத்தக்கதல்லவென்று கண்டு, 1956-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு அத்தண்டனையைத் தள்ளிவிட்டது.

அப்பேர்ப்பட்டவர் பேரிலேயே 1964-ல் "இவன் போலீஸ் உளவாளி" என்ற பழி வந்தது. காரணம், ஒரு காரில் கிடந்த ஒரு கடிதம். கட்சி விஷயங்களைப் போலீசாருக்குத் தெரிவிப்பதாகவும், செலவுப் பணத்தை உயர்த்தித் தரும்படியும் அதில் எழுதியிருந்தது. எழுத்தும் அவர் எழுத்தைப் போலவே இருந்தது. நான் எழுதவில்லை, எழுதவில்லை என்று அவர் கதறினார். கேட்பாரில்லை. பல வருஷ காலம் கூட இருந்து உழைத்த தோழர்களே அவரைத் துரோகி என்று சொல்லி வெளியேற்றினார்கள். கட்சிக்காரர்கள் தங்கள் பேரைச் சர்க்காரிடம் பதிவு செய்துகொள்ளும்படி கட்டாயப்படுத்துவது செல்லாதென்று 1965-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னபோது, அவ்வழக்கு ஆல்பர்ட்சன் பேரிலேயே இருந்தது. அப்பொழுதும் அவர் கட்சிக்கு வெளியேதான் இருந்தார். 1972-ல் அப்பழியோடேயே மாண்டார்.

அந்தக் கடிதத்தை எழுதியது யார்? எப்.பி.ஐ. என்னும் அமெரிக்க சர்க்கார் துப்பறியும் இலாகாவேதான்! ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகத்தை உண்டாக்கி இயக்கங்களைக் குலைப்பதற்கென்றே அந்த இலாகா 1956 முதல் 1971 வரை ஒரு ரகசியத் திட்டம் நடத்தி வந்தது. பின்னால் வெளிவந்த அதன் தஸ்தாவேஜுகளிலிருந்தே, கடிதம் பொய்க் கடிதம் என்பது தெரிந்தது. 1989-ல் அவர் மனைவிக்கு அமெரிக்க சர்க்கார் 1,70,000 டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அக்கட்சிக்குள் உண்மையான உளவாளிகள் இருந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் நிம்மதியாய் உள்ளே இருக்க, நிரபராதி வெளியே போனார்.

கையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னவர்களே இவ்வளவு ஏமாந்தார்கள் என்றால், ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் தீர்ப்புச் சொல்லுகின்ற நம்மவர்களைப் பற்றி என்ன சொல்லுவது?

"அப்படியானால் காட்டிக் கொடுக்கிறவனே உலகத்தில் இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறான். ருஷியாவில் அஸேவ் என்பவன், ஜார் ஆட்சியை எதிர்த்த புரட்சிக் கட்சி ஒன்றின் தலைவர்களில் ஒருவனாகவும், அதே சமயத்தில் ஜாரின் போலீசாரிடம் சம்பளம் வாங்குகிறவனாகவும் இருந்தான். அதைக் கண்டுபிடித்த பூர்த்செவ் என்பவர் திண்ணையில் உட்கார்ந்து முணுமுணுக்கவில்லை. போலீஸ் இலாகாவின் முன்னாள் தலைவர் லோபுகின் என்பவரையே சந்தித்து உண்மையை அறிந்தார். 1908-ல் பாரிசில் கூடிய பஞ்சாயத்தின் முன், அபாண்டம் சொன்னதாகத் தம்மேல் வந்த குற்றச்சாட்டுக்குத் தாமே பதில் சொல்லி, தம்முடைய மானத்தைப் பணயம் வைத்து ருஜுப்படுத்தினார். 1909 தொடக்கத்தில் கட்சியே அஸேவை உளவாளி என்று வெளியிட்டது. குற்றம் சாட்டும் யோக்கியதை இப்படிப்பட்டவருக்குத்தான் உண்டு.

குற்றம் சொல்லுகிறவனே ருஜுப்படுத்தவேண்டும் என்பது 1872-ம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த சட்டத்திலும் இருக்கின்றது. நியாயமும் அதுவே. எழுதினேன் என்பதைக் காட்ட ஒரு கடிதம் போதும். எழுதவில்லை என்பதை ஒருவன் எதைக் கொண்டு காட்டுவான்? கற்பூரம் அடித்துச் சத்தியம் செய் என்றால், பொய்யன் தைரியமாய்ச் செய்துவிடுவான். யோக்கியன் மானம் போயிற்றே என்று அழுவான்.

கடைசியாக ஒன்று கேட்கின்றோம். "யார் எழுதினான்?" என்று அலைகிற நாம், "எழுதியது உண்மையா?" என்று ஒரு தடவையாவது கேட்டுக்கொள்ளுகிறோமா? புறம்போக்கை வளைத்தது வாஸ்தவமானால் திருப்பி விட்டுவிடுவதுதான் அதற்குப் பரிகாரம். பொய்யானால், அதிகாரி முன் பத்திரத்தைக் காட்டிப் பொய் என்று நிரூபிப்பதுதான் பரிகாரம். இரண்டிலும் அண்டை வீட்டுக்காரன் பேருக்கு வேலையே இல்லை.

ஆகவே தோழர்களே! ருஜு இருந்தால் நாலு பேர் நடுவில், அவன் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அவன் பதிலையும் கேளுங்கள். ருஜு இல்லையானால் வாயை மூடிக்கொள்ளுங்கள். முன்னமேயே சொல்லிவிட்டவர்கள், எந்தத் திண்ணையில் சொன்னார்களோ அந்தத் திண்ணையிலேயே "தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று சொல்லுவதில் அவமானம் ஒன்றுமில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அவமானம்.