மாதமன்று, 28 நாள்

எங்கள் புவனகிரி, பரங்கிப்பேட்டை வட்டார வீடுகளில் தொங்கும் ஜமாஅத் நாட்காட்டியில் ஆங்கில மாதமும் ஹிஜ்ரி மாதமும் அருகருகே இருக்கும். புற்றுநோய் சிகிச்சையில் உள்ள பெரியவர்களின் வீட்டுக்கோ, இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது கணக்கொன்று தேவைப்படுகிறது.

புராஸ்டேட் புற்று ஆண் ஹார்மோனைக் கொண்டு வளர்வது என்பதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். அந்த ஹார்மோனை அடக்கும் கோசெரலின் மருந்து, சிறு குச்சி வடிவில் அடிவயிற்றுத் தோலுக்கடியில் பதிக்கப்பட்டு, மெல்லக் கரைகிறது. 3.6 மில்லிகிராம் குச்சிக்கு 28 நாள்; 10.8 மில்லிகிராம் குச்சிக்கு 12 வாரம்.

இதை நாம் "மாதம் ஒன்று", "மூன்று மாதத்திற்கு ஒன்று" என்று புரிந்துகொள்வதில்தான் பிழை நேர்கிறது. ஆண்டுக்கு 13 வேண்டிய இடத்தில் 12 போடப்படுகிறது. பெரிய குச்சியில், நான்கு சேர்ந்தாலும் 336 நாள்தான். எஞ்சிய 29 நாளுக்குக் காவலில்லை. ஓரிரு நாள் தாமதம் பெருங்கேடன்று. வாரக்கணக்கில் நீண்டால், அடங்கிய ஹார்மோன் மீண்டும் தலைதூக்கலாம்.

நோன்பு காலத்தில் நாள் வந்தால், பெருநாள் கழியட்டும் என்று தள்ளிவைப்போரும் உண்டு. ஊட்டச்சத்தாக அமையாத ஊசி நோன்பை முறிக்காது என்பதே இக்கால உலமாக்களில் பெரும்பாலோரின் கருத்து. ஐயமிருப்பின் இஃப்தாருக்குப் பின் போட இயலுமா என்று கேட்கலாம். உம்ராவுக்குப் புறப்படுவோர் பயணநாளைக் குறிக்கும்முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். வளைகுடாவிலிருந்து மகன் பெட்டியில் வைத்தனுப்பும் மருந்தையும் யோசித்தே ஏற்க வேண்டும். இது 25 டிகிரிக்கு மேற்படாமல் காக்கப்பட வேண்டியது. நம் ஊர் மே மாதத்தைச் சொல்லவும் வேண்டுமா!

முதல் ஊசிக்குப் பின் சில வாரம் ஹார்மோன் குறைவதற்கு முன் ஏறும். அதற்காகவே சிலருக்கு முன்கூட்டி மாத்திரை தரப்படுகிறது. அதை வீண் என்று நிறுத்திவிடலாகாது. அந்நாட்களில் முதுகுவலி கூடினாலோ, கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ மறுநாள் பார்ப்போம் என்றிராமல், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்துண்போர் அதை ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும்; போட்ட இடத்தில் உள்ளே இரத்தம் கசியக்கூடும். நீண்டகாலத்தில் எலும்பு மெலிதல், சர்க்கரை, இதயநோய் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டியிருக்கும்.

மாதவிலக்கு நிற்காத வயதில் மார்பகப் புற்று கண்ட சகோதரிகளுக்கும் வழக்கமாக 3.6 குச்சியே, 28 நாளுக்கொருமுறை. அலைச்சல் குறையட்டும் என்று பெரியதை நாமே கேட்டு வாங்கலாகாது. மாதவிலக்கு நின்றுவிட்டது என்பதால் கருத்தரிக்காது என்றும் கொள்ளலாகாது.

இவற்றைவிட நம்மை வருத்துவது கூச்சம். உடல் வெம்மை, தாம்பத்திய நாட்டம் குன்றுதல் ஆகியவை இம்மருந்தின் அறிந்த விளைவுகள். அத்தா அதை மகனிடம் சொல்லமாட்டார். மருத்துவரிடமும் சொல்லாமல் ஒருநாள் வரமாட்டேன் என்பார். உடன் செல்பவர் சிறிது நேரம் வெளியே நின்று, அவர் தனியே பேச இடங்கொடுப்பதே போதும்.

நாட்காட்டிக்கு வருவோம். 28 நாளும் 12 வாரமும் கிழமை மாறாதவை. செவ்வாயன்று போட்டால் அடுத்ததும் செவ்வாயே. தேதியை விட்டுக் கிழமையை எண்ணி, அந்தக் கட்டத்தை இன்றே சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.