எதிர்ப்பு சக்தி வியாபாரமும் ரெண்டு விசிலும்

தில்லை நகர் மெயின் ரோட்டுல ஒரு தடவை நடந்து பாருங்க மக்களே. கிராஸுக்குக் கிராஸ் ஆஸ்பத்திரி, அதையொட்டி மருந்துக்கடை, கடைக்கு நாலு போஸ்டர். போஸ்டர்ல கொழுகொழு பாப்பா, கையில கேடயம். "நோய் எதிர்ப்பு சக்தியைப் பல மடங்கு பெருக்கும்!" பொடி, சிரப், லேகியம், ஜெல்லி மிட்டாய்னு என்ன வடிவத்துல வேணும்னாலும் கிடைக்கும். 2020ல கொரோனாவோட சேர்ந்து வந்த சரக்கு. கொரோனா அடங்கிடுச்சு, இது அடங்கல.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். பெருக்கும் பெருக்கும்ங்கறீங்களே, எதை? எந்த நம்பர் ஏறும்? எய்ட்ஸ் நோயாளிக்கு சி.டி.4 கவுண்ட் பார்க்கறாங்க. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல இத்தனைன்னு எண்ணிச் சொல்றாங்க. அது ஒரு நம்பர். இந்த டப்பாவைத் தின்னா எது எவ்வளவு ஏறும்னு எந்தக் கடையிலயாவது கேட்டுப் பாருங்க. கடைக்காரர் ஃபேனைத் துடைக்கப் போயிடுவார் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். நம்ம ரத்தத்துல ஓடுற டி செல் எப்படி வேலை பார்க்குதுன்னு தெரிஞ்சா இந்த வியாபாரத்தோட ஓட்டை தானா தெரியும். சத்திரத்துல நிக்கற டவுன் பஸ்ஸை எடுத்துக்கங்க. கண்டக்டர் ஒரு விசில் அடிச்சா வண்டி கிளம்பாது. ரெண்டு விசில் வேணும். டி செல்லும் அப்படித்தான். தனக்கு உரிய கிருமியோட துண்டை இன்னொரு செல் தூக்கிக் காட்டும், அதை டி செல்லோட ஏற்பி பிடிச்சுக்கும். இது முதல் விசில். அதே நேரத்துல டி செல் மேல இருக்கற சி.டி.28ங்கற மூலக்கூறை, காட்டுற செல் மேல இருக்கற பி7 தொடணும். இது ரெண்டாவது. ரெண்டும் விழுந்தாத்தான் சண்டை. முதல் விசில் மட்டும் விழுந்தா டி செல் மரத்துப்போய் உக்காந்துடும்.

அதுக்கப்புறம் நிறுத்தவும் ஆள் வேணுமே? டி செல் முறுக்கேறினதும் சி.டி.எல்.ஏ.4னு ஒண்ணு மேல வரும். சி.டி.28 பிடிக்கற அதே பி7ஐ இது இன்னும் இறுக்கமாப் பிடிச்சு, ரெண்டாவது விசிலையே பிடுங்கிடும். பி.டி.1னு இன்னொரு பிரேக்கும் இருக்கு. 1995ல சி.டி.எல்.ஏ.4 இல்லாம எலிகளை உருவாக்கிப் பார்த்தாங்க. பிறந்து மூணு நாலு வாரத்துல செத்துப்போச்சு. கிருமியால இல்ல, சொந்த டி செல்லே உறுப்புகளைத் தின்னுடுச்சு. எதிர்ப்பு சக்தி "பல மடங்கு" பெருகின எலிங்க அது!

மனுஷன்லயும் பார்த்தாச்சு. 2006 மார்ச், லண்டன். சி.டி.28ஐ நேரடியாத் தட்டி எழுப்பற டி.ஜி.என்.1412ங்கற மருந்தை ஆரோக்கியமான ஆறு பேருக்கு முதல் முறையா ஏத்தினாங்க. குரங்குக்குக் கொடுத்ததுல 500ல ஒரு பங்குதான் அளவு. ஒண்ணரை மணி நேரத்துல தலைவலி, குளிர், வாந்தி. ராத்திரி தாண்டறதுக்குள்ள ஆறு பேரும் தீவிர சிகிச்சையில, பல உறுப்பு செயலிழந்து. உயிர் பிழைச்சாங்க, ஒருத்தருக்கு விரல்கள் போச்சு. நிஜமான பூஸ்டர்னா இதுதான் சாமி. போஸ்டர்ல இந்தப் படத்தைப் போடறது!

2020ல நடந்த கூத்து இன்னும் மோசம். மூச்சு முட்டி ஐ.சி.யூ.வுல கிடந்தவங்களுக்கு டாக்டருங்க கொடுத்தது டெக்ஸாமெதசோன். எதிர்ப்பு சக்தியை அடக்கற ஸ்டீராய்டு. வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவை மூணுல ஒரு பங்கு குறைச்சதா பிரிட்டன்ல பெரிய ஆய்வே நிரூபிச்சது. உள்ளே அடக்கறாங்க, வெளியே வாசல் கடையில பெருக்கறாங்க. ஒருத்தருக்கும் சிரிப்பு வரல.

பொடிக்காரங்களை மட்டும் திட்டினா நியாயமில்ல. அதே ஜூலை 2020ல பெங்களூர் பயோகான் கம்பெனியோட இடோலிசுமாபுக்கு அவசர அனுமதி கிடைச்சது. டி செல் மேல இருக்கற சி.டி.6ஐ அடக்கற மருந்து, 2013லேர்ந்து சொரியாசிஸுக்கு இருந்தது. யோசனை தப்பில்ல, இது பிரேக் போடற பக்கம். ஆனா ஆதாரம்? மொத்தம் 30 பேர். மருந்து வாங்கினவங்க 20, வாங்காதவங்க 10. இந்தப் பத்துல மூணு பேர் இறந்தாங்க, அந்த இருபதுல யாருமில்ல. சந்தோஷம்தான், ஆனா முப்பது பேரை வெச்சு ஊருக்கே மருந்து சொல்ல முடியுமா? கொரோனா தேசியப் பணிக்குழுவே தன்னோட சிகிச்சை நெறிமுறையில சேர்க்க மாட்டேன்னுடுச்சு. கோட் போட்டு வந்தாலும் கேள்வி அதே கேள்விதான்.

இவ்வளவு கோவம் ஏன்னு கேக்கலாம். எங்க தெருவுல ஒரு அக்கா, முடக்குவாதம். அதாவது சொந்த எதிர்ப்பு சக்தியே மூட்டைக் கடிக்குது. அதை அடக்கத்தான் வாராவாரம் மெத்தோட்ரெக்ஸேட். மருந்துக்கடைப் பையன் "இந்த மாத்திரை எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்க்கா, இதைச் சாப்பிடுங்க"ன்னு ஒரு டப்பாவை நீட்டியிருக்கான். குறைக்கத்தாண்டா கொடுத்திருக்கு! அக்கா மாத்திரையை நிறுத்திட்டு டப்பாவைத் தின்னு, ரெண்டு மாசத்துல விரல் மடக்க முடியாம மறுபடி டாக்டர்கிட்ட போனாங்க. டப்பா மேல "பக்க விளைவு இல்லாதது"ன்னு போட்டிருக்கு.

மும்பையில சீந்தில் சாப்பிட்டு ஈரல் வீங்கி வந்த ஆறு பேரைப் பத்தி 2021ல டாக்டர்கள் எழுதினாங்க. ஈரலைச் சொந்த எதிர்ப்பு சக்தியே தாக்கற மாதிரியான நோய். ஆயுஷ் அமைச்சகம், அது வேற செடியா இருக்கலாம்னு மறுத்தது. இருக்கட்டும். கடையில வாங்கறவனுக்கு எந்தச் செடின்னு எப்படித் தெரியும்?

பிரேக்கை எடுக்கவே கூடாதுன்னு சொல்லல. புற்று செல் பி.டி.1 பிரேக்கை அமுக்கிப் பிடிச்சுத் தப்பிக்குது. அந்தப் பிடியை விடுவிக்கலாம்னு வழி காட்டினதுக்குத்தான் 2018ல ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் நோபல். அந்த மருந்துல ஒண்ணு நிவோலுமாப், நம்மாளுங்களுக்குக் கட்டுப்படியாகாத விலை. மும்பை டாடா மெமோரியல்ல என்ன பண்ணாங்க தெரியுமா? வழக்கமா 240 மில்லிகிராம் ஏத்தற மருந்தை வெறும் 20 மில்லிகிராம், மூணு வாரத்துக்கு ஒரு தடவை, தலை கழுத்துப் புற்றுக்கான மலிவு மாத்திரைகளோட சேர்த்துக் கொடுத்தாங்க. 151 பேர். ஒரு வருஷம் உயிரோட இருந்தவங்க 16.3 சதவீதத்துலேர்ந்து 43.4 ஆச்சு. 2022ல வெளியாச்சு. புகையிலை போட்டு வாய் புண்ணாகி நிக்கற நம்ம ஊருக்கு இதைவிட முக்கியமான சேதி உண்டா? ஒரு போஸ்டர் பார்த்தீங்களா? அந்த மருந்துலயும் குடல், தைராய்டு, ஈரல்னு சொந்த உடம்பு அடிவாங்கலாம், அதனாலதான் ரத்தப் பரிசோதனையோட கண்காணிச்சுக் கொடுக்கறாங்க. தில்லை நகர் ஜெல்லி மிட்டாய்க்கு அந்தக் கவலை எதுவும் கிடையாது.

டிஸ்கி: "சித்த மருத்துவத்தைத் திட்டறியா"ன்னு பின்னூட்டம் போடப் போற அண்ணன்களுக்கு: நான் கேட்டது நம்பர். பொடிக்கும் கேட்டேன், பயோகானுக்கும் கேட்டேன். நம்பரோட வாங்க, பேசலாம். தடுப்பூசி போட்டாச்சா, சுகர் கட்டுக்குள்ள இருக்கா, பருப்பும் முட்டையும் சாப்பிடறீங்களான்னு எந்தக் கடைப் போஸ்டராவது கேட்டிருந்தா அந்தப் படத்தையும் அனுப்புங்க, அடுத்த பதிவுல போட்டுடறேன்.