எழுத்தில் கேளுங்கள்

காஞ்சிபுரத்தில் மெடிக்கல் கோடிங் படிக்கிறேன். "பெண்களுக்கு ஏற்ற வேலை, பொறுமை இருந்தால் போதும், உட்கார்ந்தே செய்யலாம்" என்கிறார்கள். இந்தப் பாராட்டை ஏற்க மறுக்கிறேன்.

அமெரிக்க நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, ஏறத்தாழ 70,000 நோய்க் குறியீடுகளில் பொருந்துவதைத் தேட வேண்டும். முறிந்தது இடது எலும்பா, வலதா? முதல் சிகிச்சையா, தொடர் சிகிச்சையா? ஓர் எழுத்து பிசகினால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். உடற்கூறியல் படித்துச் செய்கிற இந்த வேலையைப் பொறுமை என்று ஏன் சுருக்குகிறார்கள்? பொறுமை பெண்ணின் பிறவிக் குணம். குணத்துக்கு யாரும் கூலி தரவேண்டியதில்லை.

எங்கள் ஊர்த் தறி வீடுகளுக்கு இது பழைய கணக்கு. பிள்ளையார்பாளையத்தில் பட்டு இழைத்ததும், தார் சுற்றியதும், கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் அமர்ந்து கரை நாடா தள்ளியதும் பெண்கள்தாம். கூலி ஆண் பேரில் வந்தது. அவள் செய்ததற்குப் பெயர் 'ஒத்தாசை'.

கோடிங்கில் முதல் பாடம்: குறிப்பில் எழுதாதது நடக்கவில்லை. மருத்துவர் செய்திருந்தாலும், எழுதவில்லையென்றால் காசு கிடையாது. எங்கள் அம்மாக்களின் உழைப்பு இப்படித்தான் நடக்காததாகிப் போனது.

ஆகவே தோழிகளே, கட்டணம் கட்டுமுன் வேலை வாக்குறுதியை எழுத்தில் கேளுங்கள். பயிற்சிக்கால ஊதியம், வேலை நேரம், இரவுப்பணிக்கு வாகனம், முதல் இரு பேறுகளுக்குச் சட்டம் தரும் 26 வார ஊதிய விடுப்பு, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இன்னொரு தலைமுறை ஒத்தாசை செய்ய வேண்டாம்.