கூரைமேல் நிற்கும் உரிமை

தொலைக்காட்சி பார்ப்பதற்கு மாதந்தோறும் பணம் கட்டவேண்டும் என்பதை இயற்கை நியதியாகவே நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். கேபிள்காரருக்குத் தரவேண்டும், இல்லையேல் டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் செய்யவேண்டும், அதுவும் இல்லையேல் கைபேசியின் டேட்டாவைக் கரைக்கவேண்டும். வானில் வரும் அலையை அலுமினியக் கம்பியொன்றால் பிடித்து, எவருக்கும் ஒரு காசும் தராமல் படம் பார்க்கலாம் என்று இன்றைய மாணவர் ஒருவரிடம் சொன்னால், "அது திருட்டு இல்லையா ஐயா?" என்று கேட்கிறார். அந்த அப்பாவித்தனமான கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

திருட்டன்று, உரிமை. 1993ஆம் ஆண்டின் ஹீரோ கோப்பைக் கிரிக்கெட் ஒளிபரப்பையொட்டி எழுந்த வழக்கில், 1995 பிப்ரவரி 9 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலைக்கற்றை பொதுச்சொத்து என்பதே அத்தீர்ப்பின் சாரம். அரசு அதன் உடைமையாளர் அல்லர், காப்பாளர் மட்டுமே. பொதுச்சொத்தில் நமக்குரிய பங்கை நுகர்வதற்கான மிக எளிய கருவி எதுவென்று கேட்டால், ஆன்டெனா என்றுதான் விடை சொல்லவேண்டும்.

உலகின் பிற நகரங்களில் இவ்வுரிமை இன்னும் உயிரோடிருக்கிறது, அதுவும் வளமாக. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் ஈழத்தமிழர் ஒருவர் தம் பால்கனியில் சிறிய ஆன்டெனா ஒன்றை நிறுத்தினால் போதும். சி.என். கோபுரத்திலிருந்து வரும் கனடிய நிலையங்களை எச்.டி. தெளிவில் கட்டணமின்றிப் பார்க்கலாம். இடம் வாய்த்தால் ஒன்டாரியோ ஏரிக்கு அப்பாலுள்ள பஃபலோ நகரத்து அமெரிக்க நிலையங்களும் கிட்டும். அமெரிக்கா 2009 ஜூன் 12 அன்றும், கனடாவின் பெருநகரங்கள் 2011 ஆகஸ்ட் 31 அன்றும் தரைவழி ஒளிபரப்பை டிஜிட்டலுக்கு மாற்றின. பிரிட்டன் 2012 அக்டோபரில் முடித்தது. அங்கெல்லாம் பழைய முறையை மூடினார்கள், ஆனால் புதியதைத் திறந்துவிட்டு மூடினார்கள். இதில் வேடிக்கை ஒன்றுண்டு. கேபிள் நிறுவனங்கள் பல அலைவரிசைகளை ஒரே வடத்தில் அடைப்பதற்காகப் படத்தை மேலும் சுருக்குவது வழக்கம். ஆன்டெனாவோ நிலையம் அனுப்பியதை அப்படியே தருகிறது. ஆகவே காசு கொடுத்துப் பார்ப்பவரைக் காட்டிலும் ஓசியில் பார்ப்பவருக்குத் தெளிவான படம் வாய்ப்பதுண்டு. ('ஓசி' என்ற சொல்லின் வரலாறு தனிக்கட்டுரைக்கு உரியது, பிறிதொரு நாள் பார்ப்போம்.)

இனி நம் ஊருக்கு வருவோம். உத்திரமேரூர்ப் பக்கத்துக் காவாந்தண்டலத்தில் பழைய வீடுகள் சிலவற்றின் மேல் துருவேறிய குழாய்களும் வளைந்த கொம்புகளும் இன்றும் நிற்கின்றன. காக்கைக்கும் கொடிக்கயிற்றுக்கும் அவை பயன்படுகின்றன. ஒருகாலத்தில் இவ்வூர்க்காரர்கள் சென்னையைத் தம் வீட்டுக்கு வரவழைத்த கருவிகள் அவை.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. சென்னையிலிருந்து காவாந்தண்டலம் வான்வழியாக எழுபது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறித்துவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒளிபரப்புக் கோபுரத்தின் உயரம் 150 மீட்டர் என்று கொண்டால், அதன் அலை எட்டும் தொடுவானம் சுமார் 50 கிலோமீட்டர். நம் வீட்டு ஆன்டெனா 10 மீட்டர் உயரத்தில் நின்றால் இன்னொரு 13 கிலோமீட்டர் கூடும். ஆக 63. எஞ்சிய தொலைவைக் கடக்க நீண்ட குழாயும், கொம்புகள் மிகுந்த ஆன்டெனாவும், 'பூஸ்டர்' என்னும் சிறு பெட்டியும், ஓரளவு தெய்வ கடாட்சமும் தேவைப்பட்டன. ஒருவர் மேலேறிக் குழாயைத் திருப்ப, மற்றவர் கீழிருந்து "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஐயோ, போச்சு!" என்று கூவிய காட்சி தமிழ்நாட்டில் அரங்கேறாத தெரு உண்டா?

அந்தக் கொம்புக் கருவிக்கு யாகி-உடா என்று பெயர். ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்னும் இருவர் 1926இல் உலகுக்கு அறிமுகம் செய்தது. பின்னால் ஒரு கம்பி அலையைத் திருப்பி அனுப்பும். நடுவிலுள்ள வளையம் அதை வாங்கும். முன்னாலுள்ள சிறு கம்பிகள் அலையை வழிகாட்டி அழைத்துவரும். கம்பியின் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி. பழைய ஒளிபரப்பின் தாழ்ந்த பட்டைக்கு இரண்டு, மூன்று மீட்டர்க் கம்பிகள் வேண்டியிருந்தன. இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்பு பயன்படுத்தும் 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டைக்கு ஒரு முழத்துக்கும் குறைவான கம்பி போதும். கருவி சிறுத்து, மலிந்து, படமும் கூர்மையாகக் கூடிய காலத்தில்தான் நாம் அதைக் கைவிட்டிருக்கிறோம்.

கைவிட்ட கதை சுருக்கமானது. தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 முறையில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. அலைவரிசைகள் ஐந்து. அதை வாங்கக்கூடிய கருவி பெரும்பாலான வீடுகளின் பெட்டிகளில் இல்லை. வாங்கச் சொல்லி ஊக்கியவரும் இல்லை. 2017 ஜனவரியில் டிராய் அமைப்பு, தனியாரையும் தரைவழி ஒளிபரப்பில் அனுமதித்து, 2023 டிசம்பருக்குள் நாடு முழுவதையும் டிஜிட்டலுக்கு மாற்றலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது. மாறாக, எல்லையோரம் போன்ற முக்கிய இடங்களில் ஏறத்தாழ ஐம்பதை மட்டும் விட்டுவிட்டு, பழைய அனலாக் ஒளிபரப்பிகளை 2022 மார்ச் 31க்குள் மூடிவிடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. இந்த மூடலுக்காக எவரும் தெருவுக்கு வரவில்லை. ஏனெனில் இழப்பதை இழப்பென்று உணர்வதற்குள் நாம் அனைவரும் கேபிளுக்குக் குடிபெயர்ந்திருந்தோம்.

தமிழகத்தில் இக்குடிபெயர்வுக்கு ஒரு தனிக்கதை உண்டு. 2006 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கிற்று. ஒரு கோடிக்கும் மேலான வீடுகளுக்கு அவை சென்றன. பின்பு 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. இவற்றைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. கூலிவேலை செய்வோர் வீட்டுக்குள் ஒளிர்திரை நுழைந்ததைச் சிறுமையாகப் பேசுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் பெட்டியை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதற்குள் வரும் படத்துக்கு ஆயுள் முழுதும் மாதக்கட்டணம் என்பது குடத்தைக் கொடுத்துக் கிணற்றைப் பூட்டியது போலத்தான்.

"ஏன், டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறதே?" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2004 டிசம்பரில் தொடங்கிய அச்சேவைக்கு மாதக்கட்டணம் கிடையாது. கோடிக்கணக்கான வீடுகளில் அது இருக்கிறது. ஆனால் அதில் ஏலம் எடுத்து இடம்பிடித்த தனியார் அலைவரிசைகளில் பெரும்பான்மை இந்தி. 2024 ஜனவரியில் பொதிகை என்னும் அழகிய பெயரைக் களைந்து டிடி தமிழ் ஆன அரசு அலைவரிசையும் வேறு சிலவுமே தமிழருக்கு அங்கே மிச்சம். இந்தி பேசும் சிற்றூருக்கு அது விருந்து. காவாந்தண்டலத்துக்கு அது தொட்டுக்கொள்ள ஊறுகாய்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நாட்டுக்கு முக்கியமான விளையாட்டுப் போட்டிகளைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியோடு பகிரவேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. அப்படிப் பகிர்ந்ததை தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளிலும் டிடிஎச்சிலும் காட்டலாகாது என்று 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சட்டம் நமக்காகத் திறந்துவைத்த வாயில்கள் இரண்டு. ஒன்றைப் பூட்டியாயிற்று.

"கைபேசி இருக்கும்போது ஆன்டெனா எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2016 டிசம்பரின் வார்தா புயலிலும் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கைபேசிச் சேவை எப்படி இருந்தது என்பதை நினைவுகூர்ந்தால் போதும். இணையம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும். கூட்டம் பெருகினால் திணறும். ஒளிபரப்புக் கோபுரமோ பத்துப்பேர் பார்த்தாலும் பத்து லட்சம்பேர் பார்த்தாலும் அதே மின்சாரத்தைத்தான் உண்ணும். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020ஆம் ஆண்டையும் எண்ணிப்பாருங்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது, நல்ல முயற்சியே. ஆயினும் கேபிளும் டேட்டாவும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாக்கனி. அப்பாடங்களைக் காற்றிலிருந்தே எச்.டி. தெளிவில் பிடிக்க முடிந்திருந்தால், கரும்பலகையில் எழுதிய சிற்றெழுத்தும் அப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

அரசுக்கும் இது தெரியாததன்று. இணையமின்றியே கைபேசிக்கு நேரடியாக ஒளிபரப்பும் தொழில்நுட்பத்தை 19 நகரங்களில் சோதிக்கவிருப்பதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். அதற்கென்று கருதப்பட்டதும் 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பழைய தொலைக்காட்சிப் பட்டைதான். முன்வாசலில் வெளியேற்றிய கிழவரைக் கொல்லைப்புறமாக மாப்பிள்ளைக் கோலத்தில் அழைத்துவருகிறார்கள்!

பொதுச்சொத்தை எப்படிப் பேணுவது என்பதற்கு நாம் டொராண்டோவுக்குப் போகவேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டினவை, இன்றும் இருக்கின்றன. குடவோலைக்காக எல்லாரும் அவற்றைப் போற்றுகிறார்கள். நமக்கு அவற்றில் வியப்பூட்டுவது ஏரி வாரியம். ஊர்நீரைக் கவனிக்க ஆண்டுதோறும் தெரிந்தெடுக்கப்பட்ட குழு. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் அடுத்த முறை குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர். வள்ளுவர் 'வான் சிறப்பு' என்று தலைப்பிட்டபோது வான் என்றது மழையை. இன்று வானிலிருந்து இறங்குவது மழை மட்டுமன்று. ஆனால் இந்த இரண்டாவது விளைச்சலுக்கு எந்த வாரியம் கணக்குக் காட்டுகிறது?

கேட்கவேண்டியது பெரிதொன்றுமில்லை. 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரேயொரு அலைவரிசை இடத்தில், டிவிபி-டி2 முறையில், மூன்று நான்கு எச்.டி. நிகழ்ச்சிகளை அனுப்பமுடியும், பிரிட்டன் அம்முறையை 2009 இறுதியிலிருந்தே கையாண்டு வருகிறது. டிடி தமிழ், கல்வித் தொலைக்காட்சி, செய்தியும் வானிலை எச்சரிக்கையும் கூறும் ஓர் அலைவரிசை, சட்டப்படி நமக்குரிய விளையாட்டு: இந்நான்கையும் சென்னையிலிருந்து ஒரு கோபுரமும், காஞ்சிபுரம் பகுதிக்கென ஒரு துணைக்கோபுரமும் சுமந்தால் போதும். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பெட்டியிலும் அதை வாங்கும் கருவி இருக்கவேண்டும் என்று ஓர் ஆணையும் தேவை. கம்பியை நாமே வாங்கிக்கொள்வோம். கூரைமேல் ஏறித் திருப்புவதற்கு இவ்வூரில் ஆளா இல்லை?